எத்தினை செக்கன் எண்டு கேட்க முதல்

போன வருசம் எங்கட வகுப்பில் ஆறு பேர் சேர்ந்து ஊர் ஊராய்ப் போய்க் கூத்துக் கொப்பிகள் சேர்த்தோம். அண்ணாவிமார் கையால் எழுதி வைத்திருந்த கொப்பிகள். கறையான் தின்றது போக, இடம்பெயர்வில் தொலைந்தது போக மிஞ்சியவை. எட்டு மாதம் இருந்து அவற்றைத் தட்டச்சுச் செய்தோம். கடைசியில் ஒரு சொல்லடைவு செய்வதென்று முடிவெடுத்தோம். எந்தச் சொல் எந்தக் கூத்தில் எத்தனையாவது வரியில் வருகிறது என்று அகர வரிசையில் ஒரு பட்டியல். எல்லாம் சேர்த்து ரெண்டு லட்சத்துச் சொச்சம் வரி வந்தது.

அதை அடுக்குவதற்கு நான் பைதனில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். நான் மொழியியல் படிக்கிறவள். கணினி விஞ்ஞானம் ஒருநாளும் படிக்கேல்ல. யூடியூப் பார்த்து, பிழை வந்து, திருத்தி, ஒருமாதிரி ஓட வைத்தேன். அப்போதுதான் வேறொரு பீடத்தில் படிக்கிற அண்ணா ஒருவர் உதவிக்கு வந்தார். நல்ல மனசோடுதான் வந்தார், அதையும் சொல்ல வேணும். டெர்மினலைத் திறந்து ரெண்டு கட்டளை அடித்தார்.

"தங்கச்சி, உங்கட புரோகிராம் சரியான ஸ்லோ. ஏழு செக்கன் எடுக்குது. லினக்ஸில இருக்கிற சோர்ட் அரைச் செக்கனுக்குள்ள முடிக்குது. நீங்களே பாருங்கோ."

பார்த்தோம். திரையில் எண் இருந்தது. திரையில் எண் இருந்தால் கலைப்பீடத்து ஆக்கள் நாங்கள் வாயை மூடிக்கொள்ளுவோம். சொல்லடைவு அந்த அரைச் செக்கன் வழியில் அடுக்கப்பட்டு அச்சுக்குப் போனது.

முதல் பிரதியைக் கொண்டுபோய் ஒரு அண்ணாவியாரிடம் குடுத்தோம். எழுபது வயது தாண்டியவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அகரத்தின் கடைசிப் பக்கத்துக்குப் போய், விரலை வைத்து மேலிருந்து கீழாகத் தேடினார். திரும்பவும் தேடினார். பிறகு சொன்னார்: "பிள்ளை, இதில அறத்தைக் காணேல்லையே."

அறம் இருந்தது. ஆனால் அவர் தேடின இடத்தில் இல்லை.

இந்தக் கட்டுரை அந்த ஏழு செக்கனையும் அரைச் செக்கனையும் பற்றியது.

அந்த எண் எங்கேயிருந்து வருகிறது

லினக்ஸிலோ மக்கிலோ ஒரு கட்டளை ஓட எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்ப்பதற்கு, அதன் முன்னால் 'டைம்' என்ற சொல்லைச் சேர்த்தால் போதும். யுனிக்ஸின் 1970களின் ஆரம்பப் பதிப்புகளிலிருந்தே இருக்கிற கட்டளை அது. வேலை முடிந்ததும் மூன்று வரி காட்டும்: ரியல், யூசர், சிஸ். அண்ணா வாசித்தது முதல் வரியை மட்டும். அவர் மட்டுமில்லை, அனேகமாக எல்லாரும் முதல் வரியைத்தான் வாசிக்கினம்.

மூன்றுக்கும் என்ன வித்தியாசம்? ஒரு கந்தோருக்கு ஏதோ சான்றிதழ் எடுக்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். காலை ஒன்பதுக்குப் போய்ப் பன்னிரண்டரைக்கு வெளியே வருகிறீர்கள். அந்த மூன்றரை மணித்தியாலம்தான் ரியல். சுவர்க் கடிகாரம் காட்டுகிற நேரம். கிளாக் உங்கட பெயரை எழுதி முத்திரை குத்திய பத்து நிமிசம், யூசர். அவர் உங்களுக்காகப் பின் அறைக்குப் போய்க் கோப்பை எடுத்துவந்த ஐந்து நிமிசம், சிஸ். அதாவது புரோகிராமுக்காக இயங்குதளம் செய்து குடுக்கிற வேலை. மிச்சம் முழுக்க வாங்கில் இருந்து காத்திருந்த நேரம்.

கொம்பியூட்டரிலும் அப்படித்தான். ரியல் பெரிதாகவும் மற்ற ரெண்டும் சிறிதாகவும் இருந்தால், உங்கட புரோகிராம் மினக்கெடவில்லை, காத்திருக்கிறது. ஹார்ட் டிஸ்கிலிருந்து கோப்பு வரட்டும் என்றோ, இணையத்திலிருந்து பதில் வரட்டும் என்றோ, வேறொரு புரோகிராம் இடம் விடட்டும் என்றோ. யூசர் பெரிதாக இருந்தால் புரோகிராம் உண்மையாகவே மண்டையை உடைத்துக் கணக்குப் போடுகிறது. சிஸ் பெரிதாக இருந்தால், சின்னச் சின்ன வேலைக்கெல்லாம் இயங்குதளத்தைக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணுகிறது என்று சந்தேகிக்கலாம். ஆயிரக்கணக்கான கோப்புகளைத் திறந்து மூடுவது போல. பல கோர் உள்ள கணினியில் யூசரும் சிஸ்ஸும் சேர்ந்து ரியலை விடக் கூடவும் வரலாம். நாலு கிளாக்மார் ஒரே நேரத்தில் வேலை செய்தால், அவர்களுடைய உழைப்பின் கூட்டுத்தொகை சுவர்க் கடிகாரத்தைத் தாண்டத்தானே வேணும்.

எங்கட திரையில் இருந்த மூன்று எண்ணும் இவை: ரியல் 7.1, யூசர் 4.4, சிஸ் 0.3. கூட்டிப் பாருங்கள். கிட்டத்தட்ட 2.4 செக்கன் என்னுடைய புரோகிராம் ஒன்றுமே செய்யவில்லை. காத்துக்கொண்டிருந்தது. எதற்காக?

அண்ணா என்னுடையதை முதலில் ஓட்டினார், தன்னுடையதை ரெண்டாவதாக ஓட்டினார். அதனால்தான். முதல் தரம் ஒரு கோப்பைத் திறக்கும்போது அது டிஸ்கிலிருந்து வர வேணும். லினக்ஸ் அதை உடனே தூக்கி எறியாது, திரும்பத் தேவைப்படலாம் என்று ரேமில் வைத்திருக்கும். ரெண்டாவது ஆள் வரும்போது கோப்பு கைக்குப் பக்கத்தில் தயாராக இருக்கும். எங்கட ஆய்வுகூடத்தின் பழைய ஹார்ட் டிஸ்கில் அது பெரிய வித்தியாசம். பிறகு ஒருநாள் நான் தனியாக இருந்து என்னுடைய புரோகிராமை இன்னொருதரம் ஓட்டினேன். ரியல் 4.8. ஒரு எழுத்தைக் கூட மாற்றவில்லை.

நான் கிணறு வெட்டித் தண்ணி அள்ளினேன். அவர் வாளியில் இருந்த தண்ணியைக் குடித்துவிட்டுத் தான் கெட்டிக்காரன் என்றார்.

கெதிதான். ஆனால் எதைச் செய்து?

சரி, 4.8 எண்டாலும் அரைச் செக்கனோடு ஒப்பிட்டால் பிந்தித்தான். அதை நான் மறுக்கேல்ல. என் சண்டை அதோடு இல்லை. அந்த அரைச் செக்கனில் என்ன வேலை நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை என்பதுதான் என் சண்டை.

அண்ணா சோர்ட் கட்டளைக்கு முன்னால் 'எல்சி ஓல் சமன் சி' என்று ஒரு துண்டு சேர்த்திருந்தார். சோர்ட்டைக் கெதியாக்குவது எப்படி என்று இணையத்தில் தேடினால் அடிக்கடி கிடைக்கிற அறிவுரை அது. அதன் பொருள்: மொழியைப் பற்றி யோசிக்காதே, எழுத்தைப் பற்றி யோசிக்காதே, கோப்பில் இருக்கிற பைட்டுகளை வெறும் எண்களாக ஒப்பிட்டு அடுக்கு. லினக்ஸில் தமிழ்-இலங்கை என்றே ஒரு லோக்கேல், அதாவது மொழி அமைப்பு, இருக்கிறது. இந்தத் துண்டைச் சேர்த்தால் அந்த மாதிரி அமைப்புகள் எதையும் பார்க்க மாட்டேன் என்று சோர்ட் சொல்லிவிடும். பார்க்காவிட்டால் நேரம் மிச்சம்தானே.

ஆங்கிலத்துக்கு இதனால் பெரிய நட்டம் இல்லை. தமிழுக்கு உண்டு. யூனிகோட்டின் தமிழ்ப் பகுதி இந்தியாவின் இஸ்கி குறியீட்டு முறையைப் பின்பற்றி வந்தது. தேவநாகரி அடுக்குக்கு ஒத்துவர எழுத்துகளை வைத்தார்கள். அதனால் னகரம் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. றகரம் ரகரத்துக்குப் பக்கத்தில். ளகரம் ழகரத்துக்கு முன்னால். நாங்கள் முதலாம் வகுப்பில் பாடமாக்கிய ய ர ல வ ழ ள ற ன என்ற வரிசை அங்கே இல்லை. பைட் கணக்கில் அடுக்கினால் 'அன்பு' போய் அந்தணனுக்கும் அப்பனுக்கும் நடுவில் நிற்கும். 'பள்ளம்' பழத்துக்கு முன்னால் வரும். 'அறம்' அரசனுக்கும் அலைக்கும் நடுவில் ஒளிந்துகொள்ளும்.

அண்ணாவியார் அகரத்தின் கடைசிக்குப் போனது சரி. றகரமும் னகரமும் கடைசியில் வரும் என்று அவருக்குத் தெரியும். அங்கே இருந்தது 'அவ' வரிசை, பிறகு ரெண்டு மூண்டு கிரந்தச் சொல், உடனே ஆகாரம். பிழை அவருடைய கண்ணில் இல்லை. பிழையான விடையை நாங்கள் கெதியாகப் பெற்றுவிட்டோம், அவ்வளவுதான்.

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? உங்களுக்கும் எனக்கும் மூன்று. யூனிகோட்டுக்கு ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 கோப்பில் பதினைந்து பைட், ஏனென்றால் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் தேவை. எண்ணுகிற கட்டளையை ஒழுங்கான மொழி அமைப்போடு ஓட்டி எத்தனை எழுத்துக்குறி என்று கேட்டால் ஐந்து என்னும். அதே கட்டளையை அந்த 'சி' துண்டோடு ஓட்டினால் பதினைந்து என்னும். அதையும் கெதியாகச் சொல்லும்.

ஒன்றும் செய்யாதவன்தான் முதலாவது வருவான்

இன்னும் இருக்கிறது. ஒரு கட்டளையை அளக்கும்போது அதன் விடை திரையில் ஓடுகிற நேரமும் சேர்ந்துவிடும் என்பதால், விடையை 'டெவ் நல்' என்ற இடத்துக்கு அனுப்புவார்கள். போனால் திரும்பாத கிணறு அது. நியாயமான யோசனைதான். ஆனால் தேடல் கட்டளையான குனு கிரெப், தன்னுடைய விடை அந்தக் கிணற்றுக்குத்தான் போகிறது என்று கண்டுபிடித்தால், முதல் பொருத்தம் கிடைத்தவுடனே வேலையை நிறுத்திவிடும். ஒருவரும் வாசிக்கப் போவதில்லை என்றால் மிச்சத்தைத் தேடுவானேன்? அது கெட்டிக்காரத்தனம். அளக்கிறவருக்குத்தான் கேடு. முழுக் கோப்பையும் தேடின நேரம் என்று அவர் எழுதிவைக்கிற எண், உண்மையில் முதல் பொருத்தம் வரைக்குமான நேரம்.

இன்னொரு கதை கணினி ஆக்களுக்கு நடுவில் சரியான பிரபலம். 1986 இல் ஜோன் பென்ட்லி தன்னுடைய பத்தியில் டொனால்ட் நூத்திடம் ஒரு வேலை குடுத்தார்: ஒரு கோப்பில் அதிகம் வருகிற சொற்களைக் கண்டுபிடிக்கிற புரோகிராம் எழுதித் தாருங்கள் என்று. நூத் பக்கம் பக்கமாக, விளக்கங்களோடு எழுதினார். அதை விமர்சித்த டக் மக்கில்ரோய், யுனிக்ஸில் ஏற்கெனவே இருக்கிற கட்டளைகளைக் குழாய் போலத் தொடுத்து ஆறே ஆறு வரியில் அதே வேலையைச் செய்து காட்டினார். இன்றைக்கும் எளிமைக்கு உதாரணமாக அதைத்தான் எடுத்துக் காட்டுகினம்.

அந்த ஆறு வரியின் முதல் வரி என்ன செய்கிறது தெரியுமா? ஆங்கில எழுத்து இருபத்தாறைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வரி முறிவாக மாற்றுகிறது. எங்கட கூத்துக் கோப்பை அதில் குடுத்தேன். காத்தவராயனும் போனான், அல்லியும் போனாள், அருச்சுனனும் போனான். கிடைத்தது ஒரே ஒரு வெற்று வரி. கண் மூடித் திறக்க முதல் முடிந்துவிட்டது. செக்கனை மட்டும் பார்த்தால் உலகத்திலேயே திறமான தமிழ்ச் சொல்லடைவுக் கருவி அதுதான்.

மக்கில்ரோயில் நான் பிழை சொல்லவில்லை. அவர் தன்னிடம் குடுத்த வேலைக்கு, தன் மொழிக்கு எழுதினார். அதை எங்கட மொழிக்குத் தூக்கிக்கொண்டு வந்து, எங்கட மொழியை விட்டுவிட்டு, பிறகு 'உங்கட வழி ஸ்லோ' என்கிறவர்களோடுதான் கதைக்கிறேன்.

எங்கட பக்கத்துப் பிழை

இது வரைக்கும் வாசித்துவிட்டுக் கலைப்பீடத்து நண்பர்கள் சந்தோசப்பட வேண்டாம். "பாத்தியா, எண்களை நம்பக் கூடாது எண்டு நாங்கள் எப்பவோ சொன்னம்" என்று ஆரம்பித்துவிடுவீர்கள். அதைவிட மோசமான முடிவு இல்லை.

அன்றைக்கு மேசையைச் சுற்றி ஆறு பேர் இருந்தோம். மூன்று எண் திரையில் கிடந்தது. அடுத்த ரெண்டும் என்ன அண்ணா என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. 'எங்களுக்கு உது விளங்காது' என்ற வசனத்தை நாங்கள் அடக்கம் என்று நினைக்கிறோம். எனக்கு இப்போது அது சோம்பல் என்று படுகிறது. அதிகாரம், சொல்லாடல், பிரதி என்று செமினாரில் மணிக்கணக்காய்க் கதைக்கத் தெரிந்த எங்களுக்கு, எங்கட முகத்துக்கு நேரே ஒரு எண் அதிகாரம் பண்ணும்போது வாய் வரவில்லை.

வேகம் முக்கியமில்லை என்றும் நான் சொல்ல வரவில்லை. பழைய லப்டொப் வைத்திருக்கிறவருக்கு ஸ்லோவான புரோகிராம் என்றால் கதவடைப்பு. 2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டின காலத்தில் உயர்தரம் படித்த ஆக்கள் நாங்கள். பற்றரியில் மிஞ்சின இருபது நிமிசத்துக்குள் ஒரு வேலை முடியுமா முடியாதா என்பது எங்களுக்கு விளையாட்டுக் கேள்வி இல்லை. பற்றரியில் ஓடும்போது பல லப்டொப்கள் புரொசசரின் வேகத்தைத் தாங்களாகவே குறைத்துக்கொள்ளும். சூடேறினாலும் குறைத்துக்கொள்ளும். ஆகவே புது மெசினில், பிளக்கில் போட்டு, ஏசி அறையில் இருந்து எடுத்த செக்கன் கணக்கு எங்கட செக்கன் கணக்கு இல்லை. எங்கட மெசினில் நாங்கள்தான் அளக்க வேணும்.

அளந்தால் என்ன கிடைக்கும் என்று ஒன்று சொல்கிறேன். யூசர் 4.4 என்று பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது, டிஸ்க் பிரச்சினை பாதிதான், மிச்சம் என் புரோகிராம்தான் என்று. ஒவ்வொரு வரிக்கும் அதன் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்து அகர வரிசை எண்ணாக மாற்றிக்கொண்டிருந்தேன். 'ராசா' ஆயிரம் தரம் வந்தால் ஆயிரம் தரமும் பிரித்தேன். ஒருதரம் பிரித்ததை நினைவில் வைத்துக்கொள் என்று ரெண்டு வரி சேர்த்தேன். யூசர் 1.2 ஆகியது. விடை அதேதான், அறம் அதன் இடத்திலேயே. 'ஸ்லோ' என்ற தீர்ப்பு எனக்கு ஒன்றும் கற்றுத் தரவில்லை. மூன்று எண்ணையும் பிரித்து வாசித்தது கற்றுத் தந்தது.

ஒருதரம் மட்டும் அளக்காதீர்கள். பத்துத் தரம் ஓட்டுங்கள், பத்தும் வேறு வேறாக வரும், அதுவும் ஒரு செய்திதான். இதற்கென்றே 'ஹைப்பர்ஃபைன்' என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது. டேவிட் பீட்டர் என்பவர் எழுதியது. முதலில் சும்மா சிலதரம் ஓட்டிச் சூடாக்கச் சொல்லலாம், பிறகு பலதரம் ஓட்டிச் சராசரியையும், ஆகக் குறைந்ததையும், ஆகக் கூடினதையும் தரும். குனு டைம் என்ற தனிக் கட்டளையை விவரமாகச் சொல்லு என்று கேட்டால், எவ்வளவு ரேம் தின்றது என்பதையும் சொல்லும். விண்டோஸ் பவர்ஷெல்லில் 'மெஷர் கொமாண்ட்' இருக்கிறது. அது சுவர்க் கடிகார நேரத்தை மட்டும்தான் தரும் என்பதை ஞாபகம் வைத்திருங்கள். ஒன்றுக்கும் பட்டம் தேவையில்லை. ஒரு பின்னேரம் போதும்.

கேட்க வேண்டியவை

இனி யாராவது வந்து 'இது கெதி, அது ஸ்லோ' என்றால், மரியாதையாக, ஆனால் விடாமல், நாலு கேள்வி கேளுங்கள்.

ரெண்டும் ஒரே விடையைத் தந்ததா? வேறு வேறு விடை என்றால் அங்கே போட்டியே இல்லை, செக்கனைக் கதைக்கத் தேவையில்லை.

எந்த மெசினில், எத்தனை தரம், எது முதலில் ஓடியது?

மூன்று எண்ணில் எது பெரிது? உழைத்த நேரமா, காத்திருந்த நேரமா?

கடைசியாக, இந்த வேலை எத்தனை தரம் நடக்கப் போகிறது? ஒரு நூலகத் தேடுபொறி ஒரு நாளைக்கு ஆயிரம் தரம் ஓடும், அங்கே ஆறு செக்கன் பெரிய காசு. எங்கட சொல்லடைவு அச்சுக்குப் போக முதல் ஒரேயொருதரம் ஓடியது. எட்டு மாதம் தட்டச்சுச் செய்த ஒரு வேலையின் கடைசியில் ஆறரைச் செக்கனை மிச்சம் பிடித்தோம். அந்த ஆறரைச் செக்கனில் ஒருவருக்கும் ஒரு பிளேன்ரீ கூடக் குடிக்க ஏலாது. அதற்கு விலையாக, அந்தக் கொப்பியை வாழ்நாள் முழுக்கப் பாதுகாத்த மனிசன் தன் சொல்லைத் தானே தேடிக் களைத்தார்.

இந்தக் கிழமை திரும்பவும் அச்சுக்குக் குடுக்கிறோம். முன்னுரையில் ஒரு பந்தி சேர்த்திருக்கிறேன்: எந்த வரிசையில் அடுக்கினோம், எந்தப் புரோகிராமால் அடுக்கினோம், எங்கட மெசினில் எவ்வளவு நேரம் எடுத்தது என்று. அண்ணாவுக்கும் அனுப்பினேன். வாசித்துவிட்டு, "லோக்கேலை நான் யோசிக்கேல்ல தங்கச்சி" என்று எழுதினார். நாங்களும் கேட்கேல்ல அண்ணா என்று பதில் போட்டேன்.

முதல் பிரதி அண்ணாவியாருக்குத்தான். இந்தமுறை குடுக்க முதல் நானே அகரத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, விரல் வைத்துப் பார்ப்பேன்.